வாயில் அம்மி வைத்திருந்த டைனோசர்: வாசகர் கேள்வி – பதில்

வாத்து அலகு டைனோசர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஹாட்ரோசார் என்பது குடும்பப் பெயர். எட்மான்டோசாரஸ், பாராசாரோலோபஸ், கோரிதோசாரஸ், மையாசாரா எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். டைனோசர் காலத்தின் கடைசி இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் இலைதழை தின்று பெருகிய விலங்குகள் இவை.

கேள்வி: சின்ன வயதில் பார்த்த புத்தகங்களில் இந்த டைனோசர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி தின்னும். இப்போது வரும் படங்களில் காட்டில் நடக்கிறது. எது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

காட்டில் நடப்பதுதான் சரி ஐயா. பழைய படம் பிறந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுமே கிடைத்த பொருளைத் தவறாகப் படித்ததால் வந்தவை.

முதலாவது அலகு. மண்டை ஓட்டை மட்டும் பார்த்தால் முன்பகுதி தட்டையாக, அகலமாக விரிந்திருக்கும். வாத்து ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் உயிரோடு இருந்தபோது அந்த எலும்பின்மேல் நகம் போன்ற கெட்டியான உறை ஒன்று இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள எட்மான்டோசாரஸ் மண்டை ஓட்டில் அந்த உறையின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. எலும்பு முடியும் இடத்தைத் தாண்டி ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் அது கீழே இறங்கி வளைகிறது. அதாவது முகத்தின் முன்னால் இருந்தது மண்வெட்டி. சேறு அலசும் அலகு அல்ல, கிளையை இறுக்கிப் பிடித்து இழுத்து நறுக்கும் கருவி.

இரண்டாவது கை. 1908-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் அவருடைய மூன்று மகன்களும், தோல் பதிவோடு ஒரு எட்மான்டோசாரஸைத் தோண்டி எடுத்தார்கள். இன்றும் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அதன் கை விரல்களைச் சேர்த்து ஒரு தோல் படலம் இருந்தது. வாத்துக்கால் சவ்வு என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அது விரல்களின் அடியில் இருந்த சதைத் திண்டு. உடம்பு காய்ந்தபோது சப்பையாகிப் படலம்போல ஆகிவிட்டது. நடக்கும்போது பாரம் தாங்கிய உறுப்பை நீந்தும் உறுப்பாக நினைத்ததுதான் பிழை.

வாலைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். முதுகிலும் வாலிலும் தசைநாண்கள் எலும்பாகவே மாறி, பந்தல் மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியதுபோல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. முதலை மாதிரி நீந்த வேண்டுமானால் வால் பக்கவாட்டில் வளைந்து அடிக்க வேண்டும். இந்த விறைத்த வாலால் அது முடியாது. 1964-இல் ஜான் ஆஸ்ட்ரம் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் இந்தச் சான்றுகளை வரிசைப்படுத்தி எழுதிய பிறகுதான் ஹாட்ரோசார் தண்ணீரை விட்டுக் கரையேறியது.

கேள்வி: இதற்கு ஆயிரம் பல் இருந்தது என்பது உண்மையா? இருந்தால் எப்படி வாய்க்குள் அடங்கின? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

உண்மை. சில இனங்களில் 1,400 வரை போகும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தவை அல்ல. இந்த விலங்கின் உடம்பிலேயே மிக அழகான பாகம் இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

அலகின் நுனியில் பல் கிடையாது. கன்னப் பகுதியில்தான் பற்கள். ஒவ்வொரு தாடைப் பக்கத்திலும் பற்கள் செங்குத்தான அடுக்குகளாக நிற்கும். ஒரு பக்கத்தில் 60 அடுக்குகள் வரை எண்ணலாம். ஒவ்வோர் அடுக்கிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல பற்கள். மேலே உள்ளவை அரைக்கும், கீழே உள்ளவை முறைக்காகக் காத்திருக்கும். மேல் பல் தேய்ந்து தீரத்தீர அடிப்பல் தள்ளிக்கொண்டு மேலே வரும். எனவே ஒரு பல் விழுந்து ஓட்டையாகி, அடுத்தது முளைக்கும்வரை பட்டினி என்ற நிலையே இல்லை.

பல் ஒவ்வொன்றும் இலை வடிவத்தில் இருக்கும். எனாமல் என்ற கெட்டிப் பூச்சு ஒரு பக்கத்தில் மட்டும் தடிமனாக இருக்கும்: கீழ்ப்பல்லில் உட்பக்கம், மேல்பல்லில் வெளிப்பக்கம். மீதிப் பகுதி அதைவிட மென்மை. அரைக்க அரைக்க மென்மையான பக்கம் சீக்கிரம் தேய, எனாமல் விளிம்பு எப்போதும் சற்றுத் தூக்கி நிற்கும். கூர் தீட்ட வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் அம்மி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அம்மி வழவழத்துவிட்டால் மிளகாய் வழுக்கும், அரைபடாது. அதனால்தான் அம்மி கொத்துபவரைக் கூப்பிடுகிறோம். ஹாட்ரோசாரின் அம்மி தன்னைத்தானே கொத்திக்கொண்டது. கிரெகரி எரிக்சன் குழுவினர் 2012-இல் இந்தப் பற்களை அறுத்து, ஒவ்வொரு பகுதியின் கடினத்தையும் அளந்து பார்த்தார்கள். ஒரே பல்லில் ஆறு வகைத் திசுக்கள் இருந்தன. சாதாரண ஊர்வனவற்றின் பல்லில் இரண்டுதான். புல் மேயும் குதிரைக்கும் காட்டெருமைக்கும்கூட நான்குதான். ஆறும் ஆறு வேகத்தில் தேய்வதால் அரைக்கும் பரப்பு மேடும் பள்ளமுமாகவே இருந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு பற்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டவை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2016-இல் மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, பற்களுக்கு நடுவே தசைநார்கள் பிணைத்திருந்தது தெரிந்தது. அதனால்தான் மொத்தப் பல்வரிசையும் உடையாமல், மெல்ல மெல்ல மேலே நகர முடிந்தது.

கேள்வி: அப்படி அரைத்துத் தின்றது என்ன? புல்லா?

பெரும்பாலும் ஊசியிலை மரங்களின் கிளை, இலை, விதை, தாழ்வான செடிகொடிகள். இன்று நாம் பார்க்கும் புல்வெளிகள் அப்போது இல்லை. மொன்டானாவில் கிடைத்த கல்லாகிப்போன சாணத்தை ஆராய்ந்த கேரன் சின், அதில் ஊசியிலை மரக்கட்டைத் துணுக்குகளையும் சாணவண்டு துளைத்த வழிகளையும் கண்டார். கட்டை உளுத்துப் போனது. பச்சை மரத்தைவிட பூஞ்சை தின்று இளகிய மரம் செரிப்பதற்குச் சுலபம். யூட்டாவில் கிடைத்த சாணத்தில் நண்டு இன ஓடுகளும் இருந்தன, 2017-இல் அதை வெளியிட்டார். உளுத்த கட்டையோடு அதில் ஒளிந்திருந்த உயிர்களும் உள்ளே போயிருக்கின்றன. முட்டையிடும் பருவத்தில் புரதமும் சுண்ணாம்பும் தேவைப்பட்டு வேண்டுமென்றே தின்றிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. பசு எலும்பைக் கடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சியில் பாராசாரோலோபஸ் கொண்டை எப்படி ஊதும் என்று காட்ட வேண்டும். நிஜமாகச் சத்தம் வர வேண்டும். எப்படிச் செய்வது? (எட்டாம் வகுப்பு மாணவன், நாமக்கல்)

நல்ல யோசனை தம்பி. முதலில் கொண்டைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள். தலைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்ட அந்தக் கொண்டை உள்ளே வெறும் குழாய். மூச்சுக்காற்று மூக்கில் நுழைந்து, கொண்டையின் நுனிவரை ஏறி, அங்கே கொண்டை ஊசி மாதிரி வளைந்து, திரும்ப இறங்கித்தான் தொண்டைக்குப் போகும். நாகஸ்வரத்தைவிட மிக நீளமான காற்றுப்பாதை. டேவிட் வைஷாம்பெல் 1981-இல் இதன் ஒலியைக் கணக்கிட்டு எழுதினார். நியூ மெக்சிகோவில் 1995-இல் கிடைத்த மண்டை ஓட்டை சிடி ஸ்கேன் செய்து, சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் 1997-இல் கணினி வழியாக அந்தச் சத்தத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த ஒலி.

உனக்குத் தேவை: ஒரு இஞ்ச் பிவிசி பைப் 60 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு, 5 சென்டிமீட்டரில் ஒரு துண்டு, அதே அளவில் எல்போ இரண்டு, டெஃப்லான் டேப் ஒரு சுருள், உப்புத்தாள் ஒன்று. ஹார்டுவேர் கடையிலேயே பைப்பை வெட்டித் தரச் சொல். வெட்டிய முனைகளில் பிசிர் இருக்கும். உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துவிடு, இல்லையென்றால் உதடு கிழியும். சின்னத் துண்டின் இரு முனையிலும் எல்போவை மாட்டு, எல்போக்களில் நீளத் துண்டுகளை மாட்டு. குழாய் 'U' வடிவத்தில் வரும். மாட்டும் முனைகளில் டெஃப்லான் டேப்பை மூன்று நான்கு சுற்று இறுக்கமாகச் சுற்றிவிட்டு மாட்டு. பசை போடாதே, பிறகு பிரித்துக் காட்ட முடியாது.

இனி ஊதும் முறை. உதடுகளைத் தளர்வாக மூடி 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டபடியே ஒரு முனையில் வாயை அழுத்து. வெறும் காற்றை ஊதினால் புஸ்ஸென்றுதான் போகும். இப்படி ஒரு முனை உதட்டால் அடைபட்ட குழாயில் சுருதி என்ன என்று கணக்கிட, ஒலியின் வேகத்தைக் குழாயின் நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். உன் குழாய் மொத்தம் சுமார் 1.3 மீட்டர் வரும். 340-ஐ 5.2-ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 65 அதிர்வுகள். மீட்டர் நீளத் துண்டுகள் வாங்கினால் 40 அதிர்வு வரை இறங்கும், ஆனால் அவ்வளவு மெதுவாக உதட்டை அதிரவைப்பது கடினம். குட்டிக் குழாயே போதும்.

சத்தம் வரவில்லையா? பெரும்பாலும் எல்போவில் காற்று கசியும். அங்கே கையை வைத்துப் பார், தெரிந்துவிடும். சத்தம் திடீரென்று எங்கோ உயரப் போகிறதா? நீ வேகமாக ஊதுகிறாய், உதடு இறுகிவிட்டது. அது முதல் சுருதியின் மூன்று மடங்கு. தளர்த்தினால் இறங்கும்.

கண்காட்சியில் இதையும் செய்து காட்டு. வளைவில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு ஊது, சுருதி கலைந்துபோகும். ஓட்டையின்மேல் டேப் ஒட்டினால் திரும்பி வரும். ஒரு காலத்தில் இந்தக் கொண்டையை, தண்ணீருக்கடியில் இருந்துகொண்டு நுனியால் மூச்சுவிடும் குழாய் என்று சொன்னார்கள். ஆனால் நுனியில் துவாரமே கிடையாது. இதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களிடம் சொல்ல மறக்காதே.

இன்னொன்று: குட்டிக்குக் கொண்டை சிறிது, ஆகவே குரல் உச்சத்தில் இருக்கும். யூட்டாவில் கிடைத்த பாராசாரோலோபஸ் குட்டி ஒன்று ஒரு வயதுகூட நிரம்பாதது. அதற்கே கொண்டை சின்ன மேடாக முளைத்திருந்தது. உன் நண்பனுக்கு 30 சென்டிமீட்டர் துண்டுகளில் ஒன்று செய்து கொடு, தாயும் குட்டியும் கூப்பிடுவது போலக் காட்டலாம்.

கேள்வி: மகனுக்கு வாத்து அலகு டைனோசர் பொம்மை வாங்க வேண்டும். கடையில் பல வகை இருக்கின்றன. சரியானது எது என்று எப்படிப் பார்ப்பது? (இல்லத்தரசி, மதுரை)

முதலில் கையைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து விரலும் விரித்து நகம் வைத்த கை இருந்தால் பொம்மையை அங்கேயே வைத்துவிடுங்கள். ஹாட்ரோசாருக்குக் கட்டைவிரல் இல்லை. நடு மூன்று விரல்களும் ஒரே சதைப்பையில் கட்டுண்டு, முன்னால் குளம்போடு இருக்கும். சுண்டுவிரல் மட்டும் தனியாகத் தொங்கும். பின்கால்களில் மூன்று விரல், அவற்றிலும் கூர்நகம் அல்ல, அடி தட்டையான குளம்பு.

அடுத்து வால். தரையில் இழுபட்டால் தவறு, முதுகோடு சேர்ந்து விறைப்பாக நீண்டிருக்க வேண்டும். நான்கு காலில் நின்றாலும் இரண்டு காலில் நின்றாலும் சரிதான். மெதுவாகப் போகும்போது நான்கு, வேகமெடுக்கும்போது இரண்டு என்று இரண்டும் அதற்குக் கைவரும். ஆனால் கங்காரு மாதிரி வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கக் கூடாது. 1868-இல் பிலடெல்பியாவில் ஹாட்ரோசாரஸின் எலும்புக்கூட்டை நிறுத்தி வைத்தபோது அப்படித்தான் நிறுத்தினார்கள். உலகிலேயே முதன்முதலாக எழுப்பி நிறுத்திய டைனோசர் எலும்புக்கூடு அது. தலைகூட கிடைக்காத நிலையில் செய்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எட்மான்டோசாரஸ் பொம்மையாக இருந்தால் முதுகையும் பாருங்கள். கழுத்திலிருந்து முதுகுவரை சதை மடிப்பு ஒன்று ஓட வேண்டும், வாலில் முள்ளெலும்புக்கு ஒன்று வீதம் ஒற்றை வரிசையில் முட்கள் இருக்க வேண்டும். பால் செரினோ குழுவினர் 2025-இல்தான் இதை முழுதாகக் காட்டினார்கள், அதனால் பழைய பொம்மைகளில் இராது. அது கடைக்காரர் தவறில்லை. எட்மான்டோசாரஸிலேயே இன்னொரு இனமான எட்மான்டோசாரஸ் ரீகாலிஸுக்குத் தலையில் சேவல் கொண்டை போலச் சதை இருந்ததும் 2013-இல் தெரிந்தது. எலும்பே இல்லாத சதை என்பதால் அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கேள்வி: ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் செத்த விலங்கின் தோல் எப்படி மிஞ்சும்?

தோலே மிஞ்சவில்லை, தோலின் வடிவம் மிஞ்சியது. வயோமிங்கில் கிடைத்த எட்மான்டோசாரஸ் மாதிரிகளில் நடந்தது இது. வறட்சியில் செத்த உடல் வெயிலில் காய்ந்து, தோல் எலும்போடு ஒட்டிச் சுருங்குகிறது. பிறகு திடீர் வெள்ளம் வந்து மணலால் மூடுகிறது. ஈரம் பட்ட தோலின்மேல் நுண்ணுயிர்ப் படலம் வளர, அது சுற்றிலும் உள்ள களிமண் துகள்களை ஈர்த்துத் தன்மேல் படியவைக்கிறது. ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய களிமண் உறை. உள்ளே இருந்த தோலும் சதையும் பிறகு அழுகிப் போகின்றன, உறை மட்டும் செதில் செதிலாக, சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது. தோண்டும்போது அவசரப்பட்டு எலும்பைத் தேடி மணலைச் சுரண்டினால் இந்த உறை தூளாகிவிடும். இதுவரை எத்தனை போயிற்றோ என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: குஞ்சுகளைத் தாய் வளர்த்ததா, ஆமை மாதிரி முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டதா? (செவிலியர், திருநெல்வேலி)

மையாசாரா என்ற பெயருக்கே 'நல்ல தாய்ப் பல்லி' என்று பொருள். 1978-இல் மொன்டானாவின் சோட்டோ ஊருக்கு அருகே கிடைத்த கூட்டை வைத்து, ஜாக் ஹார்னரும் ராபர்ட் மகேலாவும் 1979-இல் இட்ட பெயர். வயது சுமார் 7.6 கோடி ஆண்டு. மண்ணில் குடைந்த கிண்ணம் போன்ற கூடு, 2 மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் ஆழம். அதிலும் பக்கத்திலுமாக 15 குட்டிகளின் எலும்புகள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம். முட்டையிலிருந்து வந்தபோது இதில் பாதிகூட இருந்திராது. பற்களோ தேய்ந்திருந்தன. ஆக, கூட்டைவிட்டுப் போகாமலே தின்று வளர்ந்திருக்கின்றன, அப்படியானால் பெரியது ஏதோ இரை கொண்டுவந்திருக்கிறது. இதுதான் அவர்கள் வாதம். கால் எலும்பின் மூட்டுகள் முழுதாக உறுதிப்படாததையும் அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். இடுப்பெலும்பு உறுதியாகத்தான் இருக்கிறது, குட்டிகள் நடந்திருக்கும் என்று மறுப்பவர்களும் உண்டு. தேய்ந்த பல்லும் ஒரே கூட்டில் இத்தனை குட்டிகளும் சேர்ந்து பேசும்போது, தாய் அருகில் இருந்தது என்ற பக்கமே எங்களுக்கு வலுவாகத் தெரிகிறது.

அடைகாத்ததா என்றால், உட்கார்ந்து அல்ல. சில டன் எடையுள்ள உடம்பு உட்கார்ந்தால் முட்டை என்னாகும்! இலைதழையைப் போட்டு மூடிவிடும். அது மட்கும்போது எழும் சூடுதான் அடை. எருக்குழியைக் கிளறியவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். கூடுகளுக்கிடையே ஏறக்குறைய 7 மீட்டர் இடைவெளி, ஒரு பெரிய மையாசாரா திரும்பி நடக்கத் தேவையான இடம்.

எத்தனை நாள் அடை? ஹைபக்ரோசாரஸ் என்ற உறவினத்தின் கருக்களில், பல்லில் நாளுக்கொன்றாகப் படியும் கோடுகளை எண்ணி 2017-இல் கணக்கிட்டார்கள்: ஏறக்குறைய ஆறு மாதம். கோழிக்கு 21 நாள் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு நீண்ட காத்திருப்பு என்பது விளங்கும். பிறந்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. ஹாலி வுட்வர்ட் குழுவினர் 50 மையாசாரா கீழ்க்கால் எலும்புகளை அறுத்து, மர வளையம் போல உள்ள கோடுகளை எண்ணி 2015-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. தாண்டியவை மூன்றாம் ஆண்டில் இனப்பெருக்கத்துக்குத் தயார், எட்டாம் ஆண்டில் முழு வளர்ச்சி.

கேள்வி: கொம்பும் இல்லை, கவசமும் இல்லை. டி. ரெக்ஸிடமிருந்து எப்படித் தப்பியது?

சீக்கிரம் வளர்ந்து, கூட்டமாக இருந்து, நீண்ட தூரம் ஓடி. ஹைபக்ரோசாரஸ் 10 முதல் 12 வயதுக்குள் முழு அளவை எட்டிவிடும். டி. ரெக்ஸுக்கு 20 வயதுக்குமேல் ஆகும். தொடையை இழுக்கும் வால்தசை ஹாட்ரோசாருக்கு நீளமாக ஓடி, தொடையெலும்பில் தாழ்வான இடத்தில் பிடித்திருந்தது. எடுத்த எடுப்பில் வேகம் குறைவு, ஆனால் களைக்காது. சில நேரம் கடிபட்டும் பிழைத்தது. தெற்கு டகோட்டாவில் கிடைத்த வால் முள்ளெலும்புகள் இரண்டின் நடுவே டி. ரெக்ஸின் பல் ஒன்று முறிந்து சிக்கியிருக்கிறது, அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருக்கிறது. உயிரோடிருக்கும் உடம்பில்தான் எலும்பு வளரும்.

கேள்வி: பனிப் பிரதேசத்திலும் இருந்ததாமே?

ஆம். அலாஸ்காவின் வட கோடியில் கோல்வில் ஆற்றங்கரையில் எட்மான்டோசாரஸ் வகைக் குட்டிகளின் எலும்புகள் குவியலாகக் கிடைக்கின்றன. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத இடம். டெனாலி தேசியப் பூங்காவில் ஒரே பாறைப் பரப்பில் ஆயிரக்கணக்கான காலடிகள்: பெரியவை, நடுத்தரம், குட்டி என்று எல்லா வயதும் சேர்ந்து நடந்திருக்கின்றன.

கேள்வி: இந்தியாவில்?

உறுதியான ஹாட்ரோசார் எலும்பு இதுவரை கிடைக்கவில்லை. அவை பெருகிய காலத்தில் இந்தியா கடல் நடுவே தனியாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நிலம். மொராக்கோவில் கிடைத்த சிறிய ஹாட்ரோசாரான அஜ்நாபியா, கடலைக் கடந்துதான் ஆப்பிரிக்கா சேர்ந்திருக்க வேண்டும் என்று 2020-இல் எழுதினார்கள். அதனால் 'முடியவே முடியாது' என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கேள்வி: டைனோசர் எலும்பு விண்வெளிக்குப் போனது என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டார்கள். எந்த டைனோசர்?

மையாசாரா. 1985-இல் விண்வெளி வீரர் லாரன் ஆக்டன், ஸ்பேஸ்லேப் 2 பயணத்தில் அதன் எலும்புத் துண்டு ஒன்றையும் முட்டையோட்டுத் துண்டு ஒன்றையும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்.